கை எட்டும் உயரம்

வாழைப்பூ நறுக்கினால் அரிவாள்மனை கறுத்துப்போகும். எல்லா வீட்டுச் சமையலறையிலும் தெரிந்த விஷயம்தான் இது. தேக்கிலும் அந்தத் துவர்ப்பு உண்டு. வீட்டின் வெளிச்சுவரில் தேக்குப் பலகை பதித்து அதில் இரும்பு ஆணி அடித்தால், மழை ஈரத்தில் ஆணி கறுத்து, துருப்பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துபோகும். அதனால்தான் எஸ்.எஸ். ஆணி, அதாவது எவர்சில்வர் ஆணி, அதிலும் தண்டில் வளையம் வளையமாக வெட்டியது வேண்டும் என்பேன். அது துருவும் பிடிக்காது, பலகை வெயிலில் சுருங்கி மழையில் உப்பினாலும் பிடியும் விடாது.

எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. முப்பது வருடமாக வீடு கட்டித் தரும் தொழிலில் இருக்கும் கோவிந்தராஜுலு ஆகிய நான் எழுதுகிறேன். ஆணியில் தொடங்கியதற்குக் காரணம், எனக்கு அது தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மோகன்குமார் மேட்டுப்பாளையம் பக்கம் தன் தோட்டத்தில் மாடி வீடு கட்டினார். முகப்பு முழுக்கத் தேக்குப் பலகை. முதல் நாளே அவரிடம், "என் வேலையில இரும்பாணி உள்ள வராதுங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமைதான் பின்னால் என் வாயை அடைத்தது.

ஆணி பாதிதான் வந்தது. மீதியைக் கேட்டால், வந்துகொண்டே இருக்கிறது என்றுதான் கடையில் சொன்னார்கள். ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. அதை விட்டால் புரட்டாசி, யாரும் குடிபோக மாட்டார்கள். சொந்தபந்தம் வந்து நிற்கும் நாளில் வீட்டு முகத்தில் சாரம் நிற்கவும் கூடாது. ஒரு வாரம் பொறுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் மோகன்குமார் கோபித்திருக்க மாட்டார். முகம் சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மோகன்குமார் பம்ப் மோட்டார் செய்பவர். மேசையில் எப்போதும் ஒரு காந்தம் கிடக்கும். எஸ்.எஸ். என்று யார் எதைக் கொடுத்தாலும் அதை வைத்துப் பார்ப்பார்; ஒட்டினால் இரும்பு. எனவே இருந்த நல்ல ஆணிகளைத் தரையிலிருந்து ஏழடி வரை அடிக்கச் சொன்னேன். அதற்கு மேலே, வெள்ளிநிறப் பூச்சுப் போட்ட சாதாரண இரும்பு ஆணி. கீழே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பளபளப்பு.

தச்சர் அழகிரிசாமி சாரத்தில் நின்றபடி ஓர் ஆணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இது இரும்பாட்ட இருக்குதுங்க."

"முகூர்த்தம் முடியட்டும். நானே சாரம் கட்டி மாத்திக் குடுக்கறேன்."

"நீங்க சொன்னாச் சரிங்ணா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கும் மனிதர்.

பால் காய்ச்சிய அன்று மோகன்குமார் காந்தத்தோடு வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்ணா, பழக்கம்" என்று சிரித்துக்கொண்டே கை எட்டிய இடத்தில் வைத்தார். ஒட்டவில்லை. எனக்குச் சந்தனம் பூசி, முதல் பந்தியில் உட்கார வைத்தார். நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது.

மீதி ஆணி எட்டாம் நாள் வந்தது. மாற்றவில்லை. குடிபோன வீட்டில் மறுபடி சாரம் கட்டினால் ஏன் என்று கேட்பார்கள். கறைதான் படியும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பலகை விழும் என்று நான் நினைத்ததே இல்லை.

மூன்றாம் வருடம் அவர் மகள் வர்ஷினி போனில் ஒரு படம் அனுப்பினாள். சரவணம்பட்டியில் படித்துக்கொண்டிருந்த பெண். என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். கூடவே பேசியும் அனுப்பியிருந்தாள்: "பெரியப்பா, மேல ஆணிக்கெல்லாம் கண்மை கரைஞ்சாட்ட கோடு வழியுது, பாருங்க."

"அது மரத்துச் சாயம் அம்மணி. நாலு மழை பேஞ்சா நின்னுபோகும்" என்று பதில் அனுப்பினேன். சரிங்க பெரியப்பா என்று ஒரு பூப்படம் போட்டிருந்தாள். அதை நான் இன்னும் அழிக்கவில்லை. உங்களுக்குச் சாட்சியாக வேண்டுமானால் என் போனிலேயே இருக்கிறது.

ஐப்பசி மழையில் அந்த மேல்வரிசையிலிருந்து பத்தடிப் பலகை ஒன்று கழன்று விழுந்தது. உள்ளே போனில் சிக்னல் கிடைக்காது என்று, மழை விட்ட நேரத்தில் அவள் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். தலையில் பட்ட அடியில் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

மோகன்குமார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஆணிங்ணா அடிச்சீங்க?" என்று கேட்டார். கோபமே இல்லை. நான் சொன்னேன்: "நான் எஸ்.எஸ். தானுங்க வாங்கினேன். அடிச்சது அழகிரிங்க." இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது அது பொய்யாகிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். அன்று மாலையே அழகிரிசாமியை நீங்கள் அழைத்துப்போனீர்கள். உங்களிடம் அவர், "அண்ணனைக் கேளுங்க, அவரு சொல்லுவாரு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லையாமே. நான் சொல்வேன் என்று நம்பிப் பதினோரு நாள் உள்ளே இருந்திருக்கிறார். இன்றே அவரை விட்டுவிடுங்கள். அவர் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

கடைசியாக, தாமதமாக வந்த அந்த ஆணிகள் எங்கே என்று கேட்டீர்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் என் வீட்டு மாடி முகப்பில் இருக்கின்றன. மோகன்குமார் குடிபோன அதே வருடம் தை மாதம், மிஞ்சிய தேக்குப் பலகையைப் பதித்தேன். ஆளை நம்பவில்லை. இந்த வயதில் நானே சாரத்தில் ஏறி, துளை போட்டு, மேல்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அடித்தேன். ஒவ்வொரு ஆணியிலும் காந்தம் வைத்துப் பார்த்தேன். என் பேத்தி ஹர்ஷிணி அந்தச் சுவருக்கு அடியில்தான் சைக்கிள் ஓட்டுவாள்.

பலகை விழும் என்று நான் நினைத்ததே இல்லை என மேலே எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.