நடுங்காத கை

— இல்லக்கா, தப்பா நெனச்சிட்டிய. அந்தப் பொண்ணு இந்தப் பட்டறையில வேலை பாக்கல. அவ இஞ்சினியரிங் காலேஜ்ல பாடம் நடத்துதா. இங்கன வந்தது தானா வந்தது.

— அது சரி தம்பி. ஆனா சேரன்மகாதேவியில அவ தெருவுல கேட்டா, ‘சித்ரலேகாவா, அவ கங்கைகொண்டான் பட்டறையில ஆம்பளையாளுக மத்தியில கரியும் மசியுமால்லா நிக்குதா’ன்னு சொல்லுதாவ. சம்பந்தம் பேசுத இடம். அதான் மொதலாளிகிட்டயே நேர்ல கேட்டுட்டுப் போவோம்னு பாளையங்கோட்டையில இருந்து பஸ் ஏறி வந்தேன்.

— நல்ல காரியம். இந்தச் சிவசண்முகம் எதையும் ஒளிச்சுப் பேசமாட்டான், கேட்டியளா. நீங்க ராஜராஜேஸ்வரின்னுதான சொன்னிய? பையன் வீட்டுக்கு வேண்டியவன்னு.

— ஆமா, வேண்டியவதான். மொதல்ல அவளுக்கு இங்க என்ன சோலின்னு சொல்லுங்க.

— அந்தா, கண்ணாடிக்கு அங்கிட்டுப் பாருங்க. கம்பி வேலிக்குள்ள மஞ்சக் கலர்ல ஒரு இரும்புக் கை ஆடிக்கிட்டு இருக்குல்லா?

— இருக்கு. யானைத் தும்பிக்கை கணக்கா. முனையில ஒரு கரண்டி தொங்குது.

— அதான் ரோபோ. நாங்க பம்புசெட்டுக்கு அலுமினிய மூடி வாக்குதோம். உருக்குன அலுமினியத்த உலையில இருந்து மொண்டு அச்சுல ஊத்தணும். அந்தச் சூட்டுல ஆளுக வாடிப் போவுதாவளேன்னு, வெளிநாட்டுல ஓடிக் கழிச்ச மிஷின வாங்கிப் போட்டேன். கொண்டாந்து மாட்டுனவன் ஒரு எடைக்கு அதத் திருகி வச்சுட்டுப் போயிட்டான். இங்கதான் வில்லங்கம், கேட்டியளா. கரண்டி நிறைய இருக்கையில ஒரு எடை. ஊத்த ஊத்தக் கொறையுது. நாள் ஆவ ஆவக் கசடு ஒட்டிக்கிட்டுக் கரண்டியே கனத்துப் போவுது. நிறை கரண்டிக்குச் சரி பண்ணா, காலிக் கரண்டிக்குத் துள்ளும். காலிக்குச் சரி பண்ணா, நிறைய இருக்கையில தொங்கிப் போவும்.

— மனுசக் கைக்கு அந்தக் கஷ்டம் இல்ல. குடத்துல தண்ணி இருக்குன்னு நெனச்சு வெறுங்குடத்தத் தூக்குனா ஒரு வெட்டு வெட்டும். அடுத்தாப்புல கை தானா அடங்கிரும்.

— அடேயப்பா, அவளும் இதையேதான் சொன்னா! ஆனா நம்ம மிஷினுக்கு அடங்கத் தெரியல. ஒருநா ஊத்திக்கிட்டு இருக்கையில நடுக்கம் எடுத்துச்சு. அடங்கும் அடங்கும்னு பாத்தா, ஆட்டம் கூடிக்கிட்டே போவுது. கரண்டி அப்படியே சாடி, உலையப் பாக்குத நம்ம கண்ணன் தோள்ல கொதிக்கக் கொதிக்க அலுமினியம். அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதுல நிக்குது. பெரியாஸ்பத்திரியில ரொம்ப நாள் கெடந்தான். பொறவு ஒருத்தனும் அந்தக் கைப் பக்கம் போவமாட்டேன்னுட்டான். நானும் சவத்தத் தூக்கிக் காயலான் கடையில போடுங்கலேன்னுட்டேன்.

— அப்பத்தான் அவ வந்தாளாக்கும்.

— பிள்ளையளுக்குப் பட்டறையச் சுத்திக் காட்டக் கூட்டியாந்தா. சேலைத் தலைப்ப இடுப்புல சொருகிக்கிட்டு அந்தக் கை முன்னால போய் நின்னா. ‘இது நடுங்குறத எனக்கு ஒருதரம் காட்டுவீங்களா’ன்னு கேட்டா. எல்லாரும் அது நடுங்கிருமோன்னு பயந்து ஓடுதானுவ, இவ அதப் பாக்கணும்னு நிக்குதா! அவ ஆராய்ச்சியே அதானாம்.

— எது?

— எடை தெரியாது, உரசல் தெரியாது, மிஷின் எம்புட்டுத் தேஞ்சிருக்குன்னு தெரியாது. அப்படி இருந்தும் கை ஆடாம சொன்ன இடத்துல போயி நிக்கணும். அதுக்குக் கணக்குப் போடுதது. கரண்டி எடை எம்புட்டுன்னு கேப்பான்னு பாத்தேன். கேக்கல. ‘ஆகக் கொறஞ்சா எம்புட்டு, ஆகக் கூடுனா எம்புட்டு? அது மட்டும் போதும். நடுவுல எது வந்தாலும் என் பொறுப்பு’ன்னா.

— தெரியாதத வச்சு எப்படித் தம்பி கணக்குப் போட முடியும்?

— நானும் அதத்தான் கேட்டேன். ஒரு இரும்புச் சட்டிய எடுத்தா, பேரிங்குல கெடந்த குண்டு ஒண்ண அதுல விட்டா. ‘சட்டி நல்லாக் குழியா இருந்தா, குண்ட எங்கன விட்டாலும் அடியிலதான் வந்து நிக்கும். எந்த வழியா வரும்னு எனக்குத் தெரிய வேண்டாம். சட்டி எங்கயும் மேடு இல்லாமக் குழியா இருக்குன்னு மட்டும் நான் நிரூபிக்கணும்’னா. கை எங்க நிக்கணும், இப்ப எங்க நிக்குது, அந்த ரெண்டுக்கும் உள்ள தப்புதான் குண்டு. என்ன எடை வந்தாலும் தப்பு இறங்கிக்கிட்டேதான் போவணும், ஏறவே கூடாது. அப்படி ஒரு சட்டியக் கணக்குல செஞ்சு காட்டிட்டுத்தான் மிஷினத் தொடுவேன்னா.

— நல்லா இருக்கே! வழி தெரியாது, ஆனா முடிவு தெரியும். தம்பி, நானும் அந்தக் காலத்துல பி.எஸ்.ஸி. கணக்குப் படிச்சவ. இப்படி ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரலியே.

— அப்படியா! அப்ப எனக்குப் புரிஞ்சத விட உங்களுக்குக் கூடவே புரியும். மிஷினோட வந்த, அத ஆட்டி வைக்குத பெட்டியக் கழத்திட்டு, காலேஜுல இருந்து ஒரு கம்ப்யூட்டரக் கொண்டாந்து மாட்டுனா. கரண்டியில அலுமினியத்துக்குப் பதிலு மணல். சுவிச்சப் போட்டா. கை போயி நின்னுது பாருங்க, ஆணி அடிச்சாப்புல! நாங்க கைதட்டுதோம். அவ மூஞ்சியில மட்டும் சிரிப்பே இல்ல.

— ஏன்?

— சத்தத்தக் கேக்கச் சொன்னா. காத வச்சுக் கேட்டா, தேனீக் கூட்டுல கல்லெறிஞ்ச மாதிரி உள்ள ஒரே இரைச்சல். மோட்டாரத் தொட முடியல, கொதிக்குது. ‘கணக்கு சரி சார், நான்தான் தப்பு. கை ஒரு கோட்டு மேலயே நிக்கணும்னு பிடிவாதம் பிடிச்சேன். இந்தப் பக்கம் மயிரிழை வெலகுனா அங்கிட்டு இழுக்குது, அங்கிட்டு வெலகுனா இங்கிட்டு இழுக்குது. இப்படி ஓடுனா பல்சக்கரம் பொடியாயிரும்’னு அவளே சொன்னா. நான் அசந்து போனேன்க்கா. கைதட்டுதவங்க முன்னால தன் தப்பத் தானே எடுத்துச் சொல்ல எத்தன பேருக்கு வரும்?

— பொறவு என்ன செஞ்சா?

— கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் எடம் விட்டா. அந்த எடத்துக்குள்ள பைய இழுக்கும், தாண்டுனாத்தான் பலமா இழுக்கும். நூல் பிசகாம நிக்காது, நூலளவு முன்னப் பின்ன நிக்கும். எங்க சோலிக்கு அது எதேஷ்டம். சத்தம் அடங்கிப் போச்சு. மீதிய நான் சொல்ல மாட்டேன், பட்டவனே சொல்லட்டும். ஏலே கண்ணா! இங்கன வா. இந்த அம்மா சித்ரலேகா மேடத்தப் பத்திக் கேக்காவ.

— கும்புடுதேம்மா. மேடத்துக்கு என்ன? ஒண்ணும் ஆவலியே?

— ஒண்ணும் இல்லப்பா. நல்ல விசயமாத்தான் கேக்குதேன். உனக்கு அவ மேல கோவம் இல்லியா? அந்தச் சனியன மறுபடியும் ஓட விட்டாளே.

— இருந்துச்சும்மா. பொய் சொல்லக் கூடாது. கட்டுப் பிரிச்ச புதுசு. எம்பொண்டாட்டி முத்துராணி அழுவுதா, சீவலப்பேரியில வயல் வேலைக்கே போயிருவோம்னு. அப்பத்தான் மேடம் என்னக் கூப்புட்டு விட்டாவ. நான் மூஞ்சி கொடுக்கல. அவிய சொன்னாவ, ‘கண்ணன், இது உங்கள எப்படி ஏமாத்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். இன்னைக்கு நீங்க இத ஏமாத்துங்க. எப்படி வேணும்னாலும் கெடுத்துப் பாருங்க’ன்னு.

— கெடுத்தியா?

— சும்மா விடுவனா! கை ஓடிக்கிட்டு இருக்கையில கரண்டிக்குள்ள கல்ல விட்டெறிஞ்சேன். மணல் ஒழுவுத மாதிரி அடியில ஓட்டை போட்டேன். ஒண்ணும் நடக்கல. ஆத்திரத்துல ஒரு மூட்டை மணலக் கவுத்துல கட்டி, மேல இருந்து கை மேல எறக்குனேன். கை ஒரு முங்கு முங்குச்சும்மா. செத்துச்சுன்னு நெனச்சேன். அப்படியே பைய எந்திரிச்சு, நின்ன எடத்துலயே வந்து நின்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. ஏன்னு இப்பவும் தெரியல.

— அப்ப நம்பிட்ட.

— இல்லம்மா. அதுக்கும் நம்பல. ‘இம்புட்டு உறுதியாச் சொல்லுதியள்லா, அலுமினியம் ஊத்துதப்ப நீங்க கரண்டி பக்கத்துல நிப்பியளா’ன்னு கேட்டேன். எல்லாரும் கேக்குதாப்புல, வேணும்னுதான் கேட்டேன்.

— நின்னாளா?

— ‘நிக்க மாட்டேன்’னுட்டாவ. ‘நான் நிக்க மாட்டேன், நீங்களும் நிக்கக் கூடாது. என் கணக்கு எடைக்குத்தான் காவல். வயர் அறுந்தா, கரண்டி கழண்டா, அதுக்கு என் கணக்கு காவல் இல்ல. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுதான்’னு சொல்லிட்டு, மொதலாளிகிட்டச் சண்டை போட்டு அந்தக் கம்பி வேலியப் போட வச்சாவ. கதவத் தொறந்தாலே கை நின்னு போவும். அன்னைக்குத்தாம்மா நம்புனேன். பக்கத்துல வந்து நின்னிருந்தாவன்னா நம்பியிருக்க மாட்டேன்.

— சரிலே, நீ போ. உலையப் பாரு. கேட்டியளாக்கா? எங்கூடச் சண்டைதான். வேலி போடாம சுவிச்சத் தொட விடமாட்டேன்னு வாசல்ல நின்னுக்கிட்டா. நான் கத்துனேன். அவ கத்தல. ஒரே சொல்லத் திருப்பித் திருப்பிச் சொன்னா. இப்ப ஒரு வருசம் தாண்டிருச்சு. ஒருத்தன் மேல ஒரு பொட்டு அலுமினியம் தெறிக்கல.

— சண்டை போடுதவளா அவ?

— அய்யய்யோ, அப்படி எடுத்துக்கிடாதிய. குணத்துல தங்கம். என்ன, தெரியாதுன்னா தெரியாதும்பா, முடியாதுன்னா முடியாதும்பா. மூஞ்சிக்கு நேரச் சொல்லிருவா.

— கல்யாணத்துக்குப் பொறவு வேலைய விடச் சொன்னா விடுவாளா?

— ஏன், பையன் வீட்டுல அப்படிச் சொல்லுதாவளோ?

— பையன் சொல்லுதான். இந்த ஆராய்ச்சி, பட்டறை எல்லாம் தாலி ஏறுத வரைக்குந்தான்னு. அவகிட்ட இப்பச் சொல்ல வேண்டாமாம். பொறவு சொல்லிக்கிடுவானாம்.

— அது... பேசிச் சரி பண்ணிக்கிடலாம்க்கா. பையன் பேங்குல ஆபீசரு, ஒரு கெட்ட பழக்கம் கெடையாதுன்னு பொண்ணோட அப்பா அருணாசலம் அண்ணாச்சி சொன்னாரு. மவளுக்கு இப்படி ஒரு எடம் அமைஞ்சதேன்னு அவருக்குத் தரையில கால் பாவல. நீங்க போயி நாலு வார்த்தை நல்லபடியாச் சொன்னா, தை மாசமே முடிச்சிரலாம்.

— நான் போயி, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லப் போறேன் தம்பி.

— என்னக்கா இது! நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?

— நீங்க நல்லபடியாத்தான் சொன்னிய. அதனாலதான். அவனுக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது, நெசந்தான். ஊர்ல கேட்டா நல்ல பிள்ளைம்பாவ. வீட்டுக்குள்ள அவன் சொல்லுக்கு மறுசொல் வரக் கூடாது. கொழம்புல உப்புக் கூடுனா தட்டு செவத்துக்குப் போவும். தங்கச்சி எம்.எஸ்.ஸி.க்குச் சேரணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அவ புஸ்தகத்தையெல்லாம் அள்ளிக் கெணத்துல போட்டான். அது மெதந்ததையும் பாத்தேன், முங்குனதையும் பாத்தேன். மூஞ்சிக்கு நேர முடியாதுன்னு சொல்லுத ஒருத்தி அந்த வீட்டுல எத்தன நாளைக்கு இருப்பான்னு என்னக் கேக்காதிய.

— ஒரு கல்யாணம் ஆனா அடங்கிருவான்க்கா. வயசுப் பையன்.

— அடங்குதானா இல்லியான்னு பாக்கவா அருணாசலம் ஒரு பொண்ணப் பெத்து, இம்புட்டுப் படிக்க வச்சாரு?

— நீங்க சொல்லுதது வாஸ்தவந்தான். ஆனா அவரு ஒடிஞ்சு போயிருவாரே. பழி பூரா அந்தப் பொண்ணு மேலல்லா விழும். ‘பட்டறை பட்டறைன்னு அலைஞ்ச, வந்த எடம் போச்சு பாத்தியா’ன்னு ஏசுவாரே.

— விழாது. எங்க ஜோசியரு பொருத்தம் இல்லன்னுட்டாருன்னு நாளைக்கே ஆள் விட்டுச் சொல்லிருதேன். கெரகத்தப் போயி ஒருத்தரும் ஏச முடியாதுல்லா. அவகிட்ட நான் வந்துட்டுப் போனதாவே நீங்க காட்டிக்கிட வேண்டாம். அவ அந்தக் கணக்கப் பாக்கட்டும்.

— எல்லாம் சரி. ஆனா அங்க பையனோட அம்மான்னு ஒருத்தி இருப்பாள்லா? வேண்டியவ நீங்க போயி வேண்டாம்னு சொன்னா, பெத்தவ கேப்பாளா?

— இம்புட்டு நேரமா கேட்டுக்கிட்டுத்தான தம்பி இருக்கா. அவனப் பெத்தவ நான்தான்.