முப்பத்தேழாம் பாட்டில்

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் கஸ்தூரிரங்கன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியார் சாராள் அம்மா அவர்களே, விலங்கியல் துறை நண்பர்களே, மாணவச் செல்வங்களே! கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

பேராசிரியர் முனைவர் வேதசிரோமணி மறைந்துவிட்டார். தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு நார்வே கடலை அளந்தவர் மறைந்துவிட்டார்!

எண்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் ஓர் ஆய்வுக் கப்பலில் நார்வே கடலுக்குப் போனார். அங்கே குளிர்காலம் முடிந்து வெயில் பட்டதும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடி கோடியாய்ப் பெருகும். அவற்றை அறுபது பாட்டில்களில் பிடித்துவந்தார். பாட்டிலுக்கு முந்நூறு உயிர். ஒவ்வொன்றின் நீளத்தையும் நுண்ணோக்கியில் அளக்க வேண்டும். யார் செய்வார்கள் இந்த வேலையை? அவர் செய்தார்! எட்டு ஆண்டுகள் செய்தார்!

சென்னை பீச்சுக்கு மின்சார ரயில் போகும்போதெல்லாம் நம் ஆய்வகத்து மேசை ஆடும். நுண்ணோக்கி ஆடும். நார்வே கடலே ஆடும்! "பீச் வண்டி போயிடுச்சாய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் குனிவார். ஒருநாள் நிலையத்துக்கே போன் போட்டு வண்டி நேரம் கேட்டார். "எங்க போகணும் சார்?" என்றார்கள். "நான் எங்கயும் போகல. நீங்க எப்பப் போவீங்க?" என்றார்.

எண்பத்தொன்பது நவம்பரில், மாணவர்களுக்குக் காட்ட எடுத்த முப்பத்தேழாம் பாட்டில் ஓர் இளம் விரிவுரையாளரின் கை நழுவி உடைந்தது. அந்தக் கைதான் இப்போது இந்த மைக்கைப் பிடித்திருக்கிறது. நார்வேக்கு மறுபடி போக முடியுமா? பெருங்களத்தூர் ஏரிக்குப் போக முடியும்! சைக்கிளை மிதித்தேன். வேறு பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன், கெடாமலிருக்கப் பார்மலின் ஊற்றினேன், பழைய சீட்டை ஒட்டினேன்.

அடுத்த வாரமே குரல் வந்தது.

"ஜெபசீலன், ஓடி வாய்யா! நார்வே கடல்ல கொசுப்புழு இருக்கு!"

"குளிர் தேசத்துக் கொசு சார்."

"நம்ம ஊர் கொசு மாதிரியே இருக்கேய்யா?"

"உலகம் பூரா கொசு ஒண்ணுதான் சார்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அந்தப் புழுவையும் அளந்து எழுதிக்கொண்டார்.

அன்றே என் நிம்மதி போயிற்று. அந்தக் கொசு ஆய்விதழில் ஏறிவிட்டால் உலகமே அவரைப் பார்த்துச் சிரிக்காதா? சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை அவர் அறை வாசலில் நின்றிருப்பேன்! "என்னய்யா?" என்பார். "பீச் வண்டி போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். ஐந்து ஆண்டுகள் இப்படியே ஓடின.

போன வாரம் சாராள் அம்மா ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். "இதை உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாரு தம்பி" என்றார். புரட்டினேன். அவர் கையெழுத்தை அப்படியே படிக்கிறேன்:

"முப்பத்தேழு: உப்பு இல்லை. பெருங்களத்தூர் ஏரியாக இருக்கலாம். சேகரித்தவர் ஜெபசீலன். ஆய்வில் சேர்க்கவில்லை. ஆனாலும் முந்நூறையும் அளந்தேன். பையன் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்திருக்கிறான். அவனாக வந்து சொல்லட்டும்."

இப்படி ஒரு மனிதரை இனி எங்கே பார்ப்போம்?

முதல்வர் அவர்களே, அவருடைய பாட்டில் அலமாரியைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். இன்னும் அளக்காத நான்கு பாட்டில்கள் இருக்கின்றன. அவற்றை நான் அளந்து முடிப்பேன். இந்தச் சபையறிய உறுதி சொல்கிறேன்!

சார், பீச் வண்டி போயிடுச்சு சார். ஆனா அதைச் சொல்ல வரல. முப்பத்தேழை உடைச்சது நான்தான்.