மாமா உட்கார்ந்த முக்காலி

நாற்காலி சௌகரியமாக இருக்கிறது. விசாரணை அறையில் இவ்வளவு நல்ல மெத்தையை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் விற்ற முக்காலி போலி என்று புகார். மரம் புதுசு என்று சோதனையில் தெரிந்ததாம். அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

தான்சானியாவில் நியாம்வேசி என்றொரு மக்கள். இருக்கையையும் மூன்று கால்களையும் ஒரே மரத்துண்டில் செதுக்கி எடுப்பார்கள். பழசுக்கு இங்கே அமெரிக்காவில் நல்ல கிராக்கி. நான் வாங்கியது புதுசுதான், மறுக்கவில்லை. கால்களைத் தேயிலைச் சாயமும் கரியும் பூசிக் கிழடாக்கிவிட்டேன். இருக்கை மட்டும் மசியவில்லை. அந்த மினுமினுப்பு பாலிஷில் வராது. உடம்புச் சூடும் எண்ணெயும் துணி உரசலும் வேண்டும். ஒரு மனிதர் வேண்டும்.

தொண்ணூற்றேழு அக்டோபரில் மாமா வந்தார். என் மனைவி ஸ்வர்ணாவின் அப்பா. பெயர் பசுபதி, ஊர் கோபிச்செட்டிபாளையம். தலை முதல் கால் வரை தினமும் நல்லெண்ணெய் தேய்க்கிறவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சோபாவில் மூட்டைப்பூச்சி என்று சொல்லி வெளியே போட்டேன். முழங்கால் மடங்காததால் தரையில் அவரால் உட்கார முடியாது. டிவி எதிரில் முக்காலியை வைத்தேன்.

"கறிக்கடைக் கட்டையாட்டம் இருக்குதுங்க மாப்ள," என்று சிரித்தார். ஆனால் உட்கார்ந்தார். மாப்பிள்ளை காட்டிய இடத்தில் உட்காராத மாமனாரை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை.

ஸ்வர்ணா காலையில் நியூயார்க் ரயிலுக்குப் போனால் இருட்டியபின்தான் வருவாள். நான் பக்கத்து ஊர் எடிசனில் உள்ள இந்தியக் கடையிலிருந்து தமிழ்ப் பட கேசட்டுகளாக வாங்கி வந்து போட்டேன். எங்கள் ஊர் பிளெய்ன்ஸ்பரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் எங்கே போவார்?

"அப்பாவுக்கு ஒரு ரிக்ளைனர் ஆர்டர் பண்ணலாங்க," என்றாள் ஸ்வர்ணா.

"வேண்டாங்கண்ணு. மாப்ள என்னை உக்கார வெச்சு சோறு போடறாரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

இருக்கை கண்ணாடி மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. இடது ஓரம்தான் கொஞ்சம் பாக்கி.

ஜனவரியில் அவருக்கு ஒரு கால் வீங்கியது. நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அக்கறை இல்லாமல் இல்லை. காலில் ரத்தம் கட்டியிருக்கலாம், இனி ஒரே இடத்தில் உட்காரவே கூடாது, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார் டாக்டர். நிதானமான, தெளிவான இங்கிலீஷ். எனக்கு எல்லாம் புரிந்தது.

காரில் மாமா கேட்டார்: "என்னங்க மாப்ள சொன்னாரு?"

"அலையக் கூடாதாம் மாமா. உட்கார்ந்தே இருக்கணுமாம்."

"அதைத்தான பண்ணிட்டிருக்கறன். இதுக்கு ஒரு டாக்டரு," என்று சிரித்தார்.

பிப்ரவரியில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். இடது ஓரமும் வந்திருந்தது.

முக்காலியைப் பார்த்தாலே ஸ்வர்ணா அழுதாள். அவளுக்காகத்தான் விற்றேன்.

வாங்கியவர் விவரம் தெரிந்தவர். இருக்கையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "யாரோ ஒருவர் சாகும்வரை இதில் உட்கார்ந்திருக்கிறார்," என்றார். ஆமாம் என்றேன்.

அதில் எது பொய்? போலி என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன்.