ஆயிரத்து நூறு முட்டை

— ஆயிரத்து நூறா? டாக்டரம்மா, ஒரு சைபர் கூடுதலா விழுந்திருக்கும். திரும்ப ஒருக்கா பாருங்களேன்.

— மூணு தடவை எண்ணிட்டேன் அண்ணாச்சி. நேத்து நீங்க டப்பாவுல கொண்டாந்த குதிரை லத்தி, ஒரு கிராமுக்கு ஆயிரத்து நூறு புழு முட்டை. எரநூறுக்குக் கீழ இருந்தா கவலையே இல்ல. இது ரொம்ப ஜாஸ்தி.

— காதுல விழுந்துதா வே வானமாமலை? இந்த செம்பூர்ல என் லாயத்துல மட்டும் ஏன் குதிரையை வாசல்ல நிறுத்தி ரிப்போர்ட் கேக்கேன்னு இப்ப புரியுதா? ஒம்ம மயிலு உள்ள வராது.

— கரீம் பாய், எடுத்த எடுப்புலயே வராதுன்னா எப்படி? ஒரு நியாயத்துக்கு வாங்க. டாக்டரம்மா, எழுநூறுன்னு போடுங்க.

— இது வாழைத்தார் இல்ல அண்ணாச்சி.

— சரி, ஐநூறு. முன்ன பின்ன இருந்தா நான் பாய்கிட்ட பேசிக்கிடுதேன்.

— புழு முட்டைக்குப் பேரம் பேசுன மொத ஆளு நீருதாம்வே! சாயிமா, இவரு சொல்லுதாருன்னு நம்பர மாத்திராத.

— மாத்த மாட்டேன் மாமா.

— பாய், தாராவியில எங்க கொட்டாய வெள்ளிக்கிழமை இடிக்காங்க. நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டான். இங்க எடம் இல்லைன்னா மயில கல்யாண் ஊரு குதிரைத் தரகன்கிட்ட தள்ளிவிடுறதத் தவிர வழியில்ல. கல்யாண ஊர்வலத்துல மாப்பிள்ளைமார முதுகுல ஏத்தி ஏழு வருசம் எங்களுக்குச் சோறு போட்டவ.

— அதுக்கு? முந்தின வருசம் பன்வேல்ல இருந்து ஒரு குதிரை வந்துது. பாவமேன்னு ரிப்போர்ட் கேக்காம கட்டவிட்டேன். நாலாம் மாசம் என் குட்டி ஒண்ணு வயித்துவலியில உருண்டு உருண்டு செத்துது. யாவாரம்னா யாவாரம் வே. இரக்கத்துக்கு வேற கடை பாரும்.

— மருந்து குடுத்துட்டு ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணலாமே மாமா? முட்டை குறைஞ்சிருந்தா சேத்துக்கலாம்ல?

— ரெண்டு வாரமா? காட்கோபர் ராஜபாண்டி நாளைக்கே குதிரையோட வாரேங்கான். இருக்கது ஒரே எடம்.

— வரட்டும், அவர் குதிரைக்கும் டெஸ்ட் உண்டு. உங்களோடதுக்கும்தான். நாலு வருஷமா கேக்குறேன், உங்க ஆறு குதிரையில ஒண்ணோட லத்தியக்கூட நீங்க எனக்குக் கண்ணுல காட்டல.

— எதுக்குக் காட்டணும்? ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, தேதி தப்பாம, ஆறுக்கும் வாயில மருந்து ஏத்துதேன். பன்னெண்டு வருசமா அதே மருந்து. தோலைப் பாரு, அதுல முகம் பாத்துத் தலை சீவலாம்.

— அதான் மாமா லஃப்டாவே, வம்பே அங்கதான். தேவை இருக்கோ இல்லையோ ஒரே மருந்தக் குடுத்துட்டே இருந்தா, அதுக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சி நிக்கும். அது போடுற குட்டிக்கு உங்க மருந்து மிட்டாய். தோல் மினுக்குறத வச்சு வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு சொல்ல முடியாது.

— அது ஊருல உள்ளவன் குதிரைக்கு. என் லாயத்துக்கு இல்ல.

— சரி, விடுங்க. அண்ணாச்சி, வாசல்ல நிக்கிற மயில இப்பதான் பாத்துட்டு வந்தேன். விலா தெரியுது, வாஸ்தவம். ஆனா பல்லு கூரா வளந்து கன்னத்தக் குத்துது, அதனால மெல்லவே மாட்டேங்குது. ஈறு நல்ல ரோஸ் நிறம். இத்தன புழு இருக்குற குதிரை மாதிரி எனக்குத் தோணல. மருந்து எப்ப குடுத்தீங்க?

— மழைக்கு முந்தி.

— முழு ட்யூபுமா?

— முழுசுன்னா... நானும், எங்க கொட்டாயில குதிரை கட்டுற இசக்கியும் பூலோகமும் சேந்து ஒரு ட்யூப் வாங்கினோம். ஆளுக்கு மூணுல ஒரு பங்கு.

— அரே தேவா! அது புழுவக் கொல்றதுக்கு இல்ல அண்ணாச்சி, அதுக்கு டியூஷன் எடுக்குறதுக்கு.

— அதான் பயந்துட்டேன்.

— எதுக்குப் பயம்?

— திட்டக்கூடாது டாக்டரம்மா. அந்த டப்பாவுல இருந்தது மயிலோடது இல்ல.

— என்னது?

— எலும்பும் தோலுமா நிக்கா, மருந்தும் மூணுல ஒரு பங்குதான் போயிருக்கு. அவளோடதக் குடுத்தா கட்டாயம் தோத்துருவோம்னு, நல்லா கொழுத்து மினுங்குன ஒரு குதிரையோடத அள்ளிட்டு வந்தேன்.

— அட களவாணி! எங்கிட்டயே கள்ளச் சரக்கா? வே, நான் தோல் சந்தையில வளந்தவன், ஆட்டுத்தோல மாட்டுத்தோலுன்னு விக்கவன எல்லாம் பாத்திருக்கேன். சாணியில கலப்படம் பண்ணினவன இன்னைக்குத்தாம்வே பாக்கேன்!

— தப்புதான் பாய். மயிலுக்கு இப்பவே வேணும்னாலும் எடுத்துப் பாக்கட்டும். என்ன நம்பர் வருதோ, அதுக்கு மேல நான் ஒரு வார்த்த பேசல.

— எடுக்குறேன் அண்ணாச்சி, என் கையாலயே. ஆனா அந்த இன்னொரு குதிரை யாரோடது? அதச் சொல்லித்தான் ஆகணும். அது மேயுற எடம், நிக்கிற எடம் எல்லாம் முட்டை. கூட நிக்கிற அத்தனைக்கும் போயிருக்கும்.

— வேண்டாம் டாக்டரம்மா. ஒருத்தர் பொழப்பு.

— பொழப்பாவது மண்ணாவது! ஆயிரத்து நூறு முட்டைய வயித்துல வச்சுக்கிட்டு கல்யாண ஊர்வலம் போகுதாம். அந்தக் குதிரைக்காரனுக்குக் கண்ணு மூஞ்சியில இருக்கா, பொடதியில இருக்கா? பேரச் சொல்லும் வே.

— வேண்டாம் பாய், கேக்காதீங்க.

— நீரு பேரச் சொன்னா ஒம்ம களவாணித்தனத்த மறந்துருதேன். பேண்டுக்காரன் ஒருத்தன் விடாம இப்பவே போனப் போட்டு, அவன் லாயத்துக் குதிரைய எவனும் கூப்பிடாதீங்கன்னு சொல்லிருதேன். சாயிமா, அந்த போன எடு. ம், சொல்லும், எவன் அவன்?

— நேத்து இங்க எடம் பேச வந்தேம்லா பாய்... நீங்க எனக்கு டீ சொல்லப் போனிய, நான் உங்க வெள்ளைக் குதிரை சுல்தானுக்குப் பின்னால டப்பாவோட நின்னேன்.