மகேஸ்வரன் சார் சொல்லாமல் விட்ட சேதி

மகேஸ்வரன் சாரின் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாரின் மனைவி சங்கரி அக்கா, கைத்தடியை மடக்கி மடியில் வைத்திருக்கும் என் தோழர்களே, தோழிகளே, அனைவருக்கும் வணக்கம். நான் கோமு. அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். சாரின் பயிற்சி மையத்தில் முதன்முதலாகச் சேர்ந்தவர்களில் ஒருத்தி.

மேடையில் சாருடைய படத்துக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். சம்பங்கி வாசம் இங்கே வருகிறது. ஆனால் நம்மில் பலருக்கு அந்தப் படம் தெரியாது. சாருக்கே தெரியாது. நமக்குச் சார் என்றால் குரல்தான்.

நம்மைப் போலவே பார்வையில்லாத தமிழாசிரியர் மகேஸ்வரன் அவர்கள் நெல்லை பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஓர் அறை பிடித்து இந்த மையத்தைத் தொடங்கியபோது, "கண்ணு தெரியாதவுகளுக்குக் கம்ப்யூட்டரா?" என்று சிரித்தவர்கள் உண்டு. சார் அவர்கள் முன்னாலேயே 'இன்குரல்' மென்பொருளை ஓடவிட்டார். திரையில் இருக்கும் தமிழை அது வாய்விட்டு வாசித்தது. நாம் முதன்முதலாக யாருடைய தயவும் இல்லாமல் ஒரு பக்கத்தைக் கேட்டோம். அந்த நாளை யாரால் மறக்க முடியும்?

இன்குரலை வளர்த்ததும் சார்தான். தொடக்கத்தில் அது ஆழ்வார்திருநகரியை மூன்று துண்டாக உடைத்துச் சொல்லும். இசக்கித்தாய் என்ற பெயரில் திக்கி நின்றுவிடும். சார் அதைத் தயாரித்த சென்னை நிறுவனத்துக்குப் போன் போட்டு ஒவ்வொரு ஊரையும் ஒவ்வொரு பெயரையும் சொல்லிக்காட்டினார். அவர்கள் திருத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. இன்குரலின் வாயில் இருந்த நெல்லைத் தமிழ் முழுவதும் சார் வைத்தது. அதற்காக அவர் எதுவும் கேட்கவில்லை. அவர்களும் எதுவும் தரவில்லை.

பிறகு புதிய விண்டோஸ் வந்தது. அதில் இன்குரல் ஓடவில்லை. புதியதுக்கு ஏற்றபடி இன்குரல் வந்துவிடும் என்றார்கள் நிறுவனத்தார். அதுவரை என்ன செய்வது? நாம் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கணினி தானாகப் புதியதுக்கு மாறிவிடக் கூடாது என்று இணைய இணைப்பையே கழற்றிப்போட்டோம். சார்தான் சொன்னார். கழற்றியது நம் இசக்கிமுருகன்.

"ஏலே இசக்கி, நெட்டு வயரப் பிடுங்கிட்டியா?"

"பிடுங்கிட்டேன் சார். இன்குரல் எப்பம் வரும்?"

"வரும்லே. பொண்ணு சீவி முடிச்சுக் கிளம்ப வேண்டாமா? பைய வரட்டும்."

அறை முழுக்கச் சிரித்தோம். இலவசமாகக் கிடைக்கிற இன்னொரு மென்பொருள் இருக்கிறதே, அதைப் பழகலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "அது பேசுததக் கேட்டியாட்டி? வாயில வெத்தல வச்சுக்கிட்டுப் பாடம் நடத்துதவன் மாதிரி இருக்கு. நம்ம இன்குரல் வந்துரும். பொறு," என்றார். பொறுத்தேன். சார் சொன்னால் பொறுப்பதுதானே நமக்குப் பழக்கம்?

என் அலுவலகத்தில் கணினிகளை மாற்றினார்கள். புதிய கணினியில் எனக்குக் குரல் இல்லை. குரல் இல்லாமல் நான் எப்படித் தட்டச்சு செய்வேன்? என்னைத் தொலைபேசி பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அது பெரும்பாலும் அடிப்பதில்லை. ஆழ்வார்குறிச்சி இசக்கிமுருகன் இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு வேலைக்கான கணினித் தேர்வுக்குப் போனான். அங்கே இருந்தது அந்த இலவச மென்பொருள். அவன் ஒரு நாள்கூடப் பழகாதது. திரும்பி வந்து என்னிடம், "அக்கா, அது என்ன சொல்லுதுன்னே வெளங்கல. சும்மா உக்காந்துட்டு வந்துட்டேன்," என்றான். அப்போதும் நாங்கள் காத்திருந்தோம்.

சார் இறந்த செய்தியை அந்த நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று நான்தான் போன் செய்தேன். விஜயஸ்ரீ என்ற பெண் எடுத்தார். செய்தியைக் கேட்டு அழுதார். அப்புறம், புது இன்குரல் எப்போது வரும் என்று கேட்டேன்.

"என்ன மேடம், உங்களுக்குத் தெரியாதா? அது வரவே வராது. அந்த டீமையே கலைச்சுட்டாங்க. போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடியே நான்தான் சாருக்குப் போன்ல சொன்னேன். மத்தவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன்மான்னாரே."

தோழர்களே, இந்த அரங்கில் இன்னும் காத்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அதனால் தெளிவாகச் சொல்கிறேன். இன்குரல் வராது. இனி எப்போதும் வராது. சாருக்கு அது தெரியும். தெரிந்த பிறகும் நம்மிடம் பொறு என்றார்.

ஏன் சார்? அந்த நிறுவனம் உங்கள் உழைப்பை வாங்கிக்கொண்டு உங்களைக் கைவிட்டது. அந்த வலி எனக்குப் புரிகிறது. நீங்கள் ஊட்டி வளர்த்த குரல் செத்துவிட்டது என்று உங்கள் வாயால் சொல்ல முடியவில்லை, அதுவும் புரிகிறது. ஆனால் இசக்கிமுருகன் தேர்வுக்குக் கிளம்பிய அன்று உங்களிடம் ஆசி வாங்கித்தானே போனான்? அன்றாவது சொல்லியிருக்கக் கூடாதா? அவர்கள் உங்களை ஏமாற்றினார்கள். நீங்கள் எங்களை ஏமாற்றினீர்கள். முதலாவதை என்னால் தாங்க முடிகிறது.

இதை இங்கே பேசலாமா என்று நேற்று சங்கரி அக்காவிடம் கேட்டேன். அக்கா சொன்னார்: "எங்கிட்டயும் சொல்லலட்டி. ராவெல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருப்பாவ. நீ சொல்லிரு. பிள்ளைக இன்னும் எத்தன நாளு காத்துக் கெடக்கும்?"

சாருடைய பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் தொடர்வேன். மையத்தின் சாவியை அக்கா என்னிடம் கொடுத்திருக்கிறார். ஆனால் சார் நடத்திய விதத்தில் நடத்த மாட்டேன். எனக்கு ஒரு கெட்ட சேதி தெரிந்தால், அன்றைக்கே உங்களுக்கும் தெரியும். என் உறுதிமொழி இவ்வளவுதான்.

அதை இப்போதே தொடங்குகிறேன். இலவச மென்பொருளின் அந்தக் குரலில் என்னால் இன்னும் ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்டு முடிக்க முடியவில்லை. பாதியில் தலை வலிக்கிறது. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை சாயங்காலம் வாருங்கள். தெரியாதவர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.