சொல்லாம கழட்டின பார்ட்

ரூஹி: ...இல்ல, திரும்ப சொல்லு. சென்சார் ஒயர் புட்டுக்கிச்சுன்னா மோட்டார் இன்னா ஆவணும்?

கிரீஷ்: ஓடணும்.

ரூஹி: டேய்! டேங்க் ரொம்பி உங்க மொட்டை மாடியே கொளமாயிடும்டா. தண்ணி எவ்ளோ கீதுன்னு தெரியலன்னா நின்னுடணும். அதான் பேஸிக்!

கிரீஷ்: சரி, நின்னுடணும்... டீ சாப்டலாமா?

ரூஹி: மொதல்ல டெஸ்ட். ஒவ்வொரு பார்ட்டா புடுங்கிப் பாக்கறோம். எது இல்லாட்டியும் மோட்டார தானா ஓட்டி நிறுத்தற நம்ம பொட்டி சமாளிக்கணும். வைஃபை?

கிரீஷ்: புடுங்கிட்டேன். ஓடுது.

ரூஹி: கரன்ட்?

கிரீஷ்: ஆஃப் பண்ணி போட்டேன். தானா எழுந்துக்கிச்சு. போதும் மச்சி, வெயிலு மண்டைய பொளக்குது.

ரூஹி: ஞாயித்துக்கெழம அடையார் அசோசியேஷன்ல டெமோ. ஓகே ஆச்சுன்னா எல்லா பிளாக்குக்கும் நம்ம பொட்டிதான். இப்ப நான் வாயே தொறக்கமாட்டேன், நீயே ஓட்டு.

கிரீஷ்: ஏன்? டெமோல நீ பக்கத்துலதான நிப்ப?

ரூஹி: ...ஜுரம் வந்தா?

கிரீஷ்: மாத்திர போட்டுக்கினு வா.

ரூஹி: வெளாடாத. ஓட்டு!

கிரீஷ்: ஓட்டறேன்... தோ, நின்னுடுச்சு. எனக்கு வராது ரூஹி.

ரூஹி: நேத்தும் இதே கததான். நான் தொட்டா ஓடுது, நீ தொட்டா... தள்ளு, பாக்கறேன். ...கிரீஷ்.

கிரீஷ்: இன்னா?

ரூஹி: சென்சார் ஸ்க்ரூ தானா லூஸ் ஆவல. உன் பாக்கெட்ல ஸ்க்ரூடிரைவர் இன்னா பண்ணுது?

கிரீஷ்: ...சும்மா.

ரூஹி: லூசாடா நீ? வேணும்னே கெடுக்கறியா?

கிரீஷ்: நீ மட்டும்? எல்லாத்தையும் சொல்லிட்டு புடுங்கற. ஒரு பார்ட்ட மட்டும் சொல்லாமலே கழட்டிக்கினு போற.

ரூஹி: எத?

கிரீஷ்: உங்கம்மா எங்கம்மாகிட்ட ஸ்வெட்டர் எங்க வாங்கலாம்னு கேட்டாங்க. ஜெர்மனில ரொம்ப குளிராமே. நான் கத்துக்கலன்னா நீ போமாட்டன்னு...

ரூஹி: சனிக்கெழம ஃப்ளைட்டுடா. டிக்கெட் போட்டாச்சு. எப்டி சொல்றதுன்னு தெரியாமதான்... டெமோவ சொதப்பிடாதடா, ப்ளீஸ்.

கிரீஷ்: தள்ளு. ரெண்டாவது ஸ்க்ரூ, நீல ஒயரு, டைட் பண்ணிட்டு ரீசெட். ...ஓடுதா? நீ மொத நாள் சொன்னப்பவே கத்துக்கிட்டேன்.