முப்பத்தொரு கட்டுரைகள்

சுண்டெலிகளுக்குத் திங்கட்கிழமை பிடிக்காது, ஐயா. அன்றுதான் கூண்டு கழுவும் நாள். பழைய மரத்தூளைக் கொட்டிவிட்டுப் புதிது பரப்பினால், தங்கள் வாசனை போய்விட்டதென்று நாள் முழுக்க மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும். பதினெட்டு வருடம் அவற்றைப் பார்த்துக்கொண்டேன். ஒன்றைக்கூட முரட்டுத்தனமாகத் தூக்கியதில்லை. ஆய்வகத்தில் என்னை இளகிய மனசுக்காரி என்பார்கள்.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'மீட்டர்'. தன் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று காலை டீக்கு முன்பே பார்த்துவிடுவார். எண் ஏறியிருந்தால் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் நல்ல நாள்.

சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே எதிரியென்று நினைத்துத் தாக்கும். அதைத் தணிக்கும் புரதம் ஒன்றை எலிகளிடம் முதலில் கண்டவள் நான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்கூட ஒரு வேளை அளவெடுக்கத் தவறியதில்லை. கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் பேராசிரியரின் மச்சினனுடையது. அவன் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது இரண்டே தடவை. முதல் தடவை குடையை மறந்துவிட்டுப் போனான். இரண்டாவது தடவை அதை எடுக்க வந்தான்.

"சார், என் பேரு இல்லையே."

"உனக்குப் பட்டம் இல்லையேம்மா. உன் பேரைப் போட்டா யாரு மேற்கோள் காட்டுவாங்க? கடைசில நன்றி போட்டிருக்கேன், பாரு."

பார்த்தேன். 'கூண்டு பராமரித்தவர்களுக்கு நன்றி' என்றிருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டுக் கூண்டு கழுவப் போனேன்.

அடுத்த சோதனையில் அந்தப் புரதத்தை மருந்தாகப் போட்ட எலிகளுக்கு வீக்கம் அழகாக வடிந்தது. ஐந்தாவது வாரம் ஒவ்வொன்றாகச் செத்தன. எதிர்ப்புச் சக்தி ஒரேயடியாக அடங்கிப்போய், சாதாரணச் சளியைக்கூட அவற்றால் தாங்க முடியவில்லை. காலையில் முதலில் உள்ளே போகிறவள் நான். செத்ததை எடுத்துவிட்டு, உபரிக் கூண்டிலிருந்து ஆரோக்கியமான ஒன்றை வைத்து, காதில் அதே அடையாளத்தைக் குத்திவிடுவேன். எந்த எலி என்றைக்குச் செத்தது என்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்.

அப்போதே நோட்டைக் காட்டியிருந்தால் ஒரே ஒரு கட்டுரைதான் போயிருக்கும். அவர் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்திருப்பார். அவர் விழுந்தால் எழுந்திருக்கவே கூடாது என்று நினைத்தேன். அதற்கு முதலில் அவரை உயரத்தில் ஏற்ற வேண்டியிருந்தது.

ஆறு வருடத்தில் முப்பத்தொரு கட்டுரைகள், நாலாயிரம் மேற்கோள்கள். வேறொரு ஆய்வகத்தார் தங்கள் எலிகள் செத்துப்போவதாக எழுதினார்கள். அவர்களுக்கு எலி வளர்க்கத் தெரியவில்லை என்று இவர் ஒரு பதில் கட்டுரை எழுதினார். அதற்கும் மேற்கோள் வந்தது. எண் ஏற ஏற, அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

பிறகு மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. பன்னிரண்டு நோயாளிகள். ஒருவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டுநர். விரல்கள் இஞ்சி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தன.

"ஊசி போட்டா ஸ்டியரிங் பிடிக்க முடியுமாம்மா?"

"வீக்கம் வடிஞ்சிடும்ணே."

"பயமில்லையே?"

"சார் எழுதின கட்டுரை எல்லாத்துலயும் பயமில்லைன்னுதான் போட்டிருக்கு."

கவனியுங்கள் ஐயா, அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நோட்டு அன்றும் என் பையில்தான் இருந்தது. அந்தக் கட்டத்தில் நிறுத்தியிருந்தால் நாலு வரியில் திருத்தம் வெளியிட்டுத் தப்பித்திருப்பார். ஐந்து வாரம் பொறுத்தேன். ஓட்டுநர் நடுவில் சில நாள் வேலைக்குக்கூடப் போனாராம், பேத்தியைத் தூக்கினாராம். அப்புறம் ஜலதோஷம் பிடித்தது. மூன்று பேர் போன பிறகு விசாரணைக் குழு போட்டார்கள். நோட்டை அவர்கள் மேசையில் வைத்தேன்.

பேராசிரியர் அதைப் புரட்டவே இல்லை. "அந்த மூணு பேருக்கும் பசங்க இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். கட்டுரைகளைப் பற்றிக் கேட்பார் என்று ஆறு வருடம் காத்திருந்தவள் நான். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

எலிகளைத் தான் மாற்றவில்லை என்றார். யாரும் நம்பவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. முப்பத்தொன்றையும் திரும்பப் பெற்றார்கள். அவருக்கு வேலை போனது, வீட்டில் பேச்சு நின்றது. இப்போது வழக்கும் வந்துவிட்டது.

அந்த மூவரைக் கொன்றது மருந்து. மருந்தைப் போட்டது அவர். இதில் எனக்குக் குழப்பமே இல்லை. நான் இன்று ஸ்டேஷனுக்கு வந்தது வேறொரு விஷயத்துக்காக.

திரும்பப் பெற்ற அறிவிப்பைப் படித்தேன். ஆறு வருடம் ஒருவருக்கும் சந்தேகம் வராதபடி எலிகளை மாற்றியது போன்ற நுட்பமான வேலை இந்தத் துறையிலேயே நடந்ததில்லை என்கிறது குழு. அதையும் பேராசிரியர் பெயரில் போட்டுவிட்டார்கள்.

அத்தனையும் செய்தவள் நான், ஐயா. பெயரைத் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள், இனிஷியலோடு.